எழுபதாவது நிமிடத்தில் மாத்து அண்ணை

வெல்லக்கூடிய ஆட்டத்தைத் தோற்றுக் கொடுப்பதில் மாத்து அண்ணையை மிஞ்ச ஒரு பயிற்சியாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். சும்மா அடித்துவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன். ஒரு தடவை தோற்பதற்கு உதவியும் செய்தவன்.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் நான் படித்த கல்லூரியில் புல் வெட்டுவதும் மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுவதும்தான் அண்ணைக்கு வேலை. கால்பந்து அணியின் பயிற்சியாளர் திடீரென்று மியூனிக்குக்குக் குடிபோனபோது, அடுத்த ஆள் வரும்வரை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளும்படி அணியை இவரிடம் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் பதினொரு வருடம் ஓடியது. தலைமைப் பயிற்சியாளர் ஆன பிறகும் புல்லை அவரேதான் வெட்டினார்.

அந்தக் கல்லூரிப் போட்டிகளில் எத்தனை பேரையும் மாற்றி இறக்கலாம் என்று ஒரு விதி. எழுதியவர்கள் ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பார்கள். அண்ணை அதை வேதமாக எடுத்துக்கொண்டார். எழுபதாவது நிமிடம் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "மாத்து!" என்று ஒரு கத்தல். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளியே; அதுவரை ஓரத்துப் பெஞ்சில் குந்தியிருந்த எங்களைப் போன்ற உதவாக்கரைகள் உள்ளே. அவர் பெயரே அதனால்தான் அப்படி ஆனது. அணியில் இருந்த ஜெர்மன்காரப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் அதுதான்.

உள்ளே அனுப்புமுன் ஒரு சடங்கு உண்டு. ஈரப் புல்லில் முழங்கால் ஊன்றி, இறங்கப்போகிறவனின் காலைப் பிடித்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, தன் கையால் மறுபடி கட்டிவிடுவார். நடுவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போவார். அண்ணை அசையமாட்டார்.

ஒரு முறை, பெனால்டி உதைக்க எதிராளி ஓடிவருகிற நேரம் பார்த்துக் கோல்காப்பாளரை மாற்றச் சொன்னார். இன்னொரு முறை எதிரணிக்கு ஓர் ஆள் குறைவு. "அது பாவம்" என்று எங்கள் பெஞ்சிலிருந்து ஒருவனை அவர்கள் சட்டையைப் போட்டு அனுப்பிவைத்தார். அவன் போய் எங்களுக்கே கோல் அடித்தான். எதிரணிக்காரர்களைவிட உயரமாகக் குதித்தது அண்ணைதான்.

ஆட்டம் முடிந்து வரும்போது யாராவது வழியில் மறித்து, "அண்ணை, எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பார்கள்.

"பதினெட்டுப் பேர்" என்பார்.

"அதில்லை அண்ணை, கோல்?"

"அதை உவங்களிட்டக் கேளுங்கோ. எங்கட பக்கம் பதினெட்டுப் பேர் விளையாடினவை."

ஏன் இப்படி என்று நான் ஒரு நாள் கேட்டேன். கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நான் ஊரில பள்ளிக்கூடத்து டீமில மூண்டு வருஷம் இருந்தனான், தம்பி. சப்பாத்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில. ஒரு நிமிஷம் இறக்கேல்லை. அம்மா ஒரு நாள் பார்க்க வந்தவ. திரும்பிப் போகேக்க ஒண்டும் கேக்கேல்லை." அப்புறம் வண்டியில் வெள்ளைப் பொடி தீர்ந்துவிட்டது என்று எடுக்கப் போனார்.

அந்தப் பதினொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை இறுதியாட்டத்துக்கு வந்தோம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றோம். கோலை அடித்தவன் லூக்கஸ், எங்கள் அணியின் உயிர். எழுபதாவது நிமிடம். இன்றைக்காவது சும்மா இருப்பார் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டோம். மனுஷன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாத்து!"

லூக்கஸ் சட்டையைக் கழற்றி நிலத்தில் எறிந்துவிட்டுப் போனான். அவனுக்குப் பதிலாக இறங்க வேண்டியவன் நான்.

"அண்ணை, எனக்கு ஏலாது."

"ஏலும். காலைக் காட்டு." கயிற்றைக் கட்டினார். "இறங்கடா தம்பி, பந்து உன்னைக் கடிக்காது."

கடித்தது. முதல் பந்தை நேராக எதிராளியின் காலில் கொடுத்தேன், கோல். இரண்டாவது என் முழங்காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. இரண்டுக்கு ஒன்று என்று கோப்பை போய்விட்டது.

அடுத்த வாரம் வகுப்பறை ஒன்றில் அணிக்காரர்களின் கூட்டம். மாத்து அண்ணை பயிற்சியாளராக இருப்பதா, போவதா? லூக்கஸ் எழுந்து, எங்களுக்கும் ஜெயிக்க ஆசை இருக்காதா என்று கேட்டான். அவன் சொன்னதில் பிழையில்லை. அண்ணை கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு, தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகளை எண்ணினார்கள். இருக்கட்டும் என்றவர்களும் போகட்டும் என்றவர்களும் சரிபாதி.

அப்போது அண்ணை எழுந்தார். "அந்த மூலையில இருக்கிற தம்பி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அவனையும் கேளுங்கோ" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லி, பிறகு ஜெர்மனிலும் சொன்னார்.

என்னை நம்பித்தான் கேட்டாரோ, வழக்கம்போல விடுபட்டவனுக்காகக் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் செய்தது மட்டும் தெரியும். கோப்பை போனது என்னாலல்ல, அவரால்தான் என்று ஊர் சொல்ல வேண்டும் என்ற ஆசையில், போகட்டும் என்று கை தூக்கினேன். அதோடு முடிந்தது அவருடைய பதினொரு வருடம்.

வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார். "அண்டைக்கு நீ சரியான இடத்திலதான் நிண்டனீ, தம்பி. பந்துதான் பிழையா வந்தது" என்று தோளில் தட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதுப் பயிற்சியாளர் அடுத்த வருடமே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நான் முழு ஆட்டமும் பெஞ்சில் இருந்தேன். ஒரு சொட்டு வியர்வை இல்லாத சட்டைமேல் பதக்கம் போட்டுவிட்டார்கள். மைதானத்துக்குக் கோடு போட்டது அண்ணைதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். எழுபதாவது நிமிடம் வந்தது, கடிகாரத்தைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், போய்விட்டார்.

படிப்பு முடிந்து கொலோனுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இந்தக் கோடையில் கட்டாயம் போகவேண்டும் என்று எத்தனையோ கோடையைக் கடத்தினேன். போன மாதம் செய்தி வந்தது. அண்ணை இறந்துவிட்டார், அடக்கம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. கடைசியில் அவரைப் பார்க்க எனக்கு நாளும் நேரமும் குறித்த ஒரு டெர்மின் கிடைத்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்களைப் பார்த்தால் ஒரு கால்பந்து அணியும் சேர்க்காத முகங்கள். அத்தனை பேரும் எங்கள் பெஞ்சுக்காரர்கள், இப்போது தொப்பையும் வழுக்கையுமாக. சிறந்த ஆட்டக்காரர்களில் வந்தவன் லூக்கஸ் ஒருவன்தான். பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும் என்று, அடக்கத்துக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர் சொல்லிவிட்டார். லூக்கஸ் முன்னால் பிடித்தான். நான் எல்லோருக்கும் பின்னால், என்னை அழைக்க என்ன இருக்கிறது என்று ஒதுங்கி நடந்தேன்.

பாதி வழியில் லூக்கஸ் நின்றான். ஊர்வலமே நின்றது. பொறுப்பானவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். லூக்கஸ் அவரைக் கவனிக்கவில்லை. திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"மாத்து" என்றான்.

அவன் இடத்துக்கு நான் போனேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து மற்ற ஐந்து தோள்களையும் தட்டினார்கள். குழி வரும்வரை மாற்றிக்கொண்டே இருந்தோம். தூக்காதவன் ஒருவனும் இல்லை. பெட்டிக்குக் கீழே போய்த் தோள் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. குனிந்து கட்டிவிட ஆளில்லை. கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

விழவில்லை, அண்ணை.