ஜெபமணி அங்கிள் ராக் பாடகரான விதம்

ஒரு பாடகரின் பாட்டைக் கேட்காமலே அவர் எந்த வகைப் பாடகர் என்று தீர்மானித்துவிடலாம் என்று நான் சில காலம் மனப்பூர்வமாக நம்பினேன். கேட்காமல் இருப்பதுதான் முறை என்றும் நம்பினேன்.

அருப்புக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். மிச்ச நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தேன். அங்கே சட்டதிட்டம் உண்டு. எதை எழுதினாலும் நம்பகமான சான்று வேண்டும். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது சான்று ஆகாது. எழுதுகிறவர் தானே பார்த்து, கேட்டு முடிவுசெய்வதும் ஆகாது. அதற்குச் 'சொந்த ஆய்வு' என்று பெயர். (பக்கத்து வீட்டாரைப் பற்றி எங்கள் அம்மா சொல்வதெல்லாம் சொந்த ஆய்வுதான்.)

என் கல்லூரித் தோழி எஸ்தரின் அப்பா ஜெபமணி, பந்தல்குடியில் குடியிருப்பவர். சுற்றுவட்டாரச் சபைகளில் கிறித்தவப் பாடல்கள் பாடுகிறவர். எஸ்தரின் பிறந்தநாளுக்குப் பரிசாக அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். (சுடிதார் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.) பெயர், ஊர் எல்லாம் நிரப்பியாயிற்று. 'இசை வகை' என்ற கட்டம் மட்டும் காலி. காலிக் கட்டத்தை விட்டுவிட்டுத் தூங்குகிற பிறவி நான் இல்லை. தேடியதில் அவருடைய படம் ஒன்று கிடைத்தது. கையில் எலக்ட்ரிக் கிட்டார். 'கிறித்தவ ராக்' என்று எழுதினேன். நேர்மையாக, பக்கத்திலேயே 'சான்று தேவை' என்று குறியும் போட்டேன்.

சில மாதம் கழித்து நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சர்ச் திருவிழாச் செய்தி. 'கிறித்தவ ராக் பாடகர் ஜெபமணி பாடினார்' என்று இருந்தது. அச்சில் வந்தது, அதுவும் மூன்றாம் நபர் எழுதியது! உடனே அதைச் சான்றாக இணைத்து, குறியை நீக்கினேன். பி.இ. முடித்தபோதுகூட அப்படியொரு நிறைவு இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் எஸ்தர் போன் செய்தாள்.

"அடியே, எங்கப்பாவ என்னன்னுடி எழுதி வச்சிருக்க?"

விஷயம் இதுதான். திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம், ஜெபமணி அங்கிள் பிறந்த ஊர். ஊர் ஊராகப் பாடியவரைச் சொந்த ஊர்ச் சபை மட்டும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இந்த முறைதான் அசனத்துக்குப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். (அசனம் என்பது சபையார் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து.) புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டார். அதற்குள் சபைச் செயலாளர் சாலமோன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நோட்டீஸ் அடிக்குமுன் செல்லில் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். 'ராக்' என்று வந்திருக்கிறது. பெரியவர்கள் சாப்பிடுகிற இடத்தில் ட்ரம்ஸ் சத்தம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

"நீ எழுதுனதுதான? அழிச்சு விடு."

"சான்று இருக்குடி. சான்று இருக்கத சும்மா அழிக்க முடியாது. வேற சான்று காட்டணும்."

எஸ்தர் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சான்று தேடிப் பந்தல்குடிக்குப் போனேன். ஜெபமணி அங்கிள் நேர்காணலுக்கு வந்தவர்போல என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாடுறது கீர்த்தன தாயி. நடுவுல கொஞ்சம் கும்மி மெட்டுல இழுப்பேன். அம்புட்டுதான்."

"நீங்க சொல்றத எடுத்துக்க முடியாது அங்கிள்."

"என் பாட்டுதான தாயி?"

"அதனாலதான்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி தலையை நீட்டினார். "அப்ப நான் சொல்றேன், எழுதிக்க. கீர்த்தனதான்."

"நீங்க நெருங்குன சொந்தம் ஆன்ட்டி. அதுவும் செல்லாது."

"கல்யாணம் ஆன நாள்லருந்து இவரு பாட்டக் கேட்டுக் காது புளிச்சுக் கெடக்கேன். நான் செல்லமாட்டனா?"

அங்கிள் தயங்கியபடி கேட்டார். "நீ என் பாட்டக் கேட்டிருக்கியா தாயி?"

"இல்ல அங்கிள். கேட்டா சொந்த ஆய்வாயிரும்."

அடுப்படியில் மிக்ஸி நின்றது. எஸ்தர் எழுந்து செருப்பை மாட்டினாள். "ரெண்டு பேரும் கெளம்புங்க. சார் வீட்டுக்கே போவோம்."

சாலமோன் சார் வீட்டில் கமிட்டிப் பெரியவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். சார் அந்த நாளிதழை எடுத்து விரித்தார். "நான் சொல்லலம்மா, பேப்பரே சொல்லுது."

"அதேதான் சார் என் சான்றும்," என்றேன் மகிழ்ச்சியாக. எஸ்தர் என் தொடையைக் கிள்ளினாள்.

"இத எழுதுனவன் எங்கிட்டப் படிச்ச பயதான்," என்ற சார், நிருபருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏலே, ஜெபமணி ராக்கு பாடுறாருன்னு ஒனக்கு யாருலே சொன்னா?"

"வணக்கம் சார். நான் பாட்டு முடிஞ்சப்பறந்தான் போனேன் சார். வாசல்ல பேனர்ல போட்டிருந்துச்சு."

பேனர் அடித்தது அருப்புக்கோட்டை பிளெக்ஸ் கடை. அடுத்த போன் அங்கே.

"பேருக்கு முன்னாடி எதாச்சும் கெத்தா போடுங்கன்னாக சார். நெட்ல பேரத் தட்டுனேன், அதுல ராக்குன்னு இருந்துச்சு. நாங்களா எதும் போடுறதில்ல, பாத்துத்தான் போடுவோம்."

"நீரு அந்த பேனரப் பாக்கலையா?" என்று ஒரு பெரியவர் ஜெபமணி அங்கிளைக் கேட்டார்.

"பாத்தேன். பேனர்ல என்னென்னமோ போடுவாக. முந்துன வருசம் 'இசைச் சிங்கம்'னு போட்டாக. அதுக்கும் நான் ஒண்ணும் கேக்கல."

சாலமோன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நெட்ல போட்டது யாரு?"

எஸ்தர் விரலை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

என்னைப் பார்த்து பேனர், பேனரைப் பார்த்துப் பேப்பர், பேப்பரைப் பார்த்து நான். வேலையில் இப்படியொரு சுழலைக் கண்டால் பிழை என்று குறித்து, செய்தவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். இங்கே செய்தவரே நான்தான்.

"ஒனக்கு யாரும்மா சொன்னா?"

படத்தை எடுத்துக் காட்டினேன். "கையில கிட்டார் இருந்துச்சு சார்."

அங்கிள் எட்டிப் பார்த்தார். "அட, இதா! இது கூட வந்த தம்பியோடது. பந்திக்குப் போயிட்டு வாரேன், சித்த பிடிங்கண்ணேன்னு குடுத்தான். கீழ வச்சா மண்ணாயிருமேன்னு பிடிச்சிருந்தேன்."

ஒரு பெரியவருக்குக் காப்பி புரையேறியது. இன்னொருவர் அவர் தலையில் தட்டினார். நான் மின்விசிறியின் இறக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வகையாவது ஒண்ணாவது. நீரு பாடும்யா," என்றார் சார்.

அங்கிள் பாடினார். மழை கேட்கிற பாட்டு. கண்மாய் காய்ந்து கிடப்பதைக் கர்த்தரிடம், தினம் பார்த்துப் பேசுகிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார். சாரின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. நான் அவர் பாட்டைக் கேட்டது அதுதான் முதல்முறை. நன்றாக இருந்தது. (இதற்குச் சான்று இல்லை.)

"அசனத்துக்கு வந்துரும்," என்றார் சார். அங்கிள் சட்டென்று எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சார் தலைமையாசிரியர். பேப்பரில் வந்த தவறு ஊரெல்லாம் பரவியிருப்பதால் அசனப் பேனரிலேயே திருத்தம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிளெக்ஸ் கடைக்காரர் இந்த முறை நெட்டைப் பார்க்காமல், சொன்னதைச் சொன்னபடி அடித்தார்: 'பாடகர் ஜெபமணி (ராக் அல்ல)'.

அசனத்துக்கு நிருபர் வந்தார். பேனரைப் பார்த்தார். மறுநாள் பேப்பரில் அடைப்புக்குறியோடு வந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் கலைக்களஞ்சியத்தில் என் கட்டுரையைத் திறந்து, இசை வகைக் கட்டத்தில் 'ராக் அல்ல' என்று மாற்றி, முறைப்படி சான்றும் இணைத்துவிட்டார். என்னால் அதில் கைவைக்க முடியவில்லை.

எஸ்தர் வீட்டில் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் ஆன்ட்டி குழம்பை ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்கான்னு சொல்லு தாயி," என்பார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீயா ருசி பாத்துச் சொன்னா செல்லாதுல்ல, நான் சொன்னாலும் செல்லாது. இரு, பக்கத்து வீட்டுல குடுத்துக் கேட்டுட்டு வாரேன்," என்று கிண்ணத்தோடு வாசல்வரை போய்விடுவார். அவர் சிரித்து முடித்துத் திரும்பி வரும்வரை நான் சோற்றில் கைவைப்பதில்லை.