அத்தானுக்கு, அந்தக் கொசு விளம்பரம் பற்றி

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரரும் நலம். அவருக்குக் கையைத் தூக்கினால் மட்டும் வலது தோள் வலிக்கிறது, அதனால் தூக்குவதில்லை. உங்களுக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதாக அக்கா சொன்னாள். கேட்டதில் நிரம்ப சந்தோஷம். அப்படியே இருக்க வேண்டும்.

வரும் புதன்கிழமை காலை ரயிலில் கண் பரிசோதனைக்காக நீங்கள் இருவரும் வருவதாகவும் அக்கா சொன்னாள். தாராளமாக வாருங்கள். உங்கள் அறையை ஒழித்து வைத்தாயிற்று. ஒரே ஒரு வேண்டுகோள். ரயில் நிலைய வாசலுக்கு வந்ததும் வலது பக்கமாகத் திரும்பி நடக்கவும். டாக்சி நிற்பது இடது பக்கம்தான், இருந்தாலும் வலது பக்கம் நடக்கவும். இடது பக்கம், குறிப்பாகக் கொஞ்சம் மேலே, பார்க்கவே வேண்டாம். ஆனால் நீங்கள் முப்பத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவர். ஒருவர் "அங்கே பார்க்காதீங்க" என்றால் முதலில் அங்கேதான் பார்ப்பீர்கள். ஆகவே காரணத்தையும் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடப் படத்தில் ஒரு ஆள்கூட "என்னம்மா, என்னை இப்படி எடுத்து வச்சிருக்கீங்க" என்று கேட்டதில்லை. விலா எலும்பை யாரும் அழகு பார்ப்பதில்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் பிடிப்பார்கள், "விடுங்க" என்றால் விடுவார்கள், போய்விடுவார்கள். வேலையை விட்டபோது உடன் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். சும்மா இருக்க முடியாமல் பால்கனியில் காய்கிற துணி, மாடிப்படியில் படுத்திருக்கும் பூனை, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாருக்குக் காட்டப் போற?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சோற்றில் கல் மாதிரி மாட்டிக்கொண்டது. அப்போதுதான் போட்டிக்கு அனுப்பலாம் என்று தோன்றியது.

இணையத்தில் புகைப்படப் போட்டி என்று தட்டிப் பார்த்தேன் அத்தான். உலகத்தில் படம் எடுப்பவர்களைவிடப் போட்டி நடத்துபவர்கள் அதிகம் போலிருக்கிறது. முதலில் கிடைத்த போட்டிக்குப் பூனைப் படத்தை அனுப்பினேன். நான்காம் நாள் இரண்டாம் பரிசு என்று கடிதம் வந்தது. தரையில் கால் பாவவில்லை. கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவரும் அனுப்பியிருந்தாராம். அவருக்கும் இரண்டாம் பரிசாம். அவர் அனுப்பியிருந்தது, தவறுதலாக எடுத்த அவருடைய சொந்தக் கட்டைவிரல். அதற்கடுத்த போட்டிக்கு ஒரு வாரம் மெனக்கெட்டுத் தண்ணீர்க் குழாயை ஆறு விதமான வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினேன். முடிவே வரவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்தால், போட்டி முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. படம் வாங்கிக்கொள்வதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

கடைத்தெருவில் கேமரா பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். லென்ஸில் தூசி என்று அவரிடம் போனபோது இதைச் சொல்லி அழுதேன். அவர் தூசியைத் துடைத்துக்கொண்டே, "யார் நடத்தறாங்க, யார் பாத்து முடிவு சொல்றாங்க, போன வருஷம் யார் ஜெயிச்சாங்க, இது மூணும் தெரியலைன்னா அனுப்பாதீங்கம்மா" என்றார். இன்னொன்றும் சொன்னார். "என்ன குடுக்கறாங்கன்னு எல்லாரும் பாக்கறாங்க. என்ன எடுத்துக்கறாங்கன்னு நீங்க பாருங்க." முதல் மூன்றைத் தாளில் குறித்துக்கொண்டேன். நாலாவதைக் குறிக்கத் தாளில் இடமில்லை.

அந்த மூன்றும் பொருந்தி வந்த போட்டி ஒன்று கிடைத்தது. கொசுவை விரட்டும் திரவம் தயாரிக்கும் நிறுவனம் நடத்தியது. பெரிய நிறுவனம். முடிவு சொல்பவர்களின் பெயர்கள் இருந்தன, போன வருடம் ஜெயித்தவர்களின் படங்கள் இருந்தன. தலைப்பு, "வீட்டின் நிம்மதி." என்னிடம் அதற்கென்றே எடுத்தது போல ஒரு படம் இருந்தது. போன முறை நீங்கள் வந்திருந்தபோது மத்தியானம் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் தூங்கிவிட்டீர்கள். செய்தித்தாள் மார்பில் கிடந்தது, கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது. திரைச்சீலை வழியாக வெளிச்சம் வந்து ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்தது. எடுத்துவிட்டேன். கேட்காமல் எடுக்கவில்லை அத்தான். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "ம்ம்" என்றீர்கள். வீட்டுக்காரர் சாட்சி.

போட்டியின் நிபந்தனைகள் பதினான்கு பக்கம். நான் எதையும் படிக்காமல் குறி போட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தியவர். அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு முழுக் காலை உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து படித்தார். "என்ன, அனுப்பலாமா?" என்றேன். "ஒன்பதாம் நிபந்தனையில ஒரு 'க்' விட்டிருக்காங்க. மத்தபடி பரவாயில்ல" என்றார். அனுப்பினேன். அந்த ஒன்பதாம் நிபந்தனையைப் பின்னால் நானே எடுத்துப் படித்தேன். அனுப்பும் எல்லாப் படங்களையும், பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வெட்டவும் ஒட்டவும் சேர்க்கவும் விளம்பரத்தில் பயன்படுத்தவும் ஆன உரிமையை நிறுவனத்துக்கு "நிரந்தரமாக கொடுக்கிறேன்" என்று இருந்தது. அவர் "நிரந்தரமாகக் கொடுக்கிறேன்" என்று திருத்தியிருந்தார். நான் உரிமையை விட்டேன், அவர் 'க்' போட்டார்.

பரிசு கிடைக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு பெட்டி கொசு மருந்து வந்தது. அத்தோடு மறந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரரின் தோளுக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவில் நீங்கள் இருந்தீர்கள். கதவு உயரத்துக்கு இருந்தீர்கள். வாய் மட்டும் ஒரு முழம் இருக்கும். அந்த வெளிச்சம், திரைச்சீலை, எதுவும் இல்லை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பதில் மேல் உதட்டுக்குப் பக்கத்தில் புறா அளவுக்கு ஒரு கொசுவைச் சேர்த்திருந்தார்கள். கீழே, "அவர் தூங்குகிறார். அது தூங்கவில்லை" என்று எழுதியிருந்தது. கடைக்காரர் வேறு, "இந்தப் பெரியவரைப் பாத்தா எங்க மாமா மாதிரியே இருக்கும்மா. பாவம், வாயை மூடச் சொல்ல வீட்ல ஆளில்ல போல" என்றார். நான் தைலம் வாங்காமலே வந்துவிட்டேன். வருகிற வழியில் ரயில் நிலைய வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே நீங்கள் இரண்டு மாடி உயரம்.

ஒரு கிராம் குறைந்தாலும் தராசுக்கு முத்திரை போடாத மனிதரை இப்படித் தெருவில் தொங்க விட்டுவிட்டேனே, அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று எனக்கு ஒரே வேதனை. மறுநாள் நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் இனிமையான குரலில், "ஒன்பதாம் நிபந்தனைக்கு நீங்க ஒத்துக்கிட்டிருக்கீங்களே மேடம்" என்றாள். ஏழு தடவை ஃபோன் செய்தேன். ஏழு தடவையும் ஒன்பதுதான்.

வேறு வழியில்லாமல் கேமரா பழுது பார்ப்பவரிடமே போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு எடுத்து வைத்துவிட்டு, "படம் உங்களோடது. அதை நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க, அது போச்சு. மூஞ்சி அவரோடதாச்சே? அதை எழுதிக் குடுக்க நீங்க யாரு?" என்றார். அத்தான், முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேமராவில் இருந்த அசல் படத்தை எடுத்துக்கொண்டு, திருத்திய பதினான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, நானும் வீட்டுக்காரரும் நேரே நிறுவனத்துக்குப் போனோம்.

விளம்பரப் பிரிவு மேலாளர் ஒரு பெண்மணி. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க நீங்கள்தான். வீட்டுக்காரர் உங்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தியே பேசினார். மேலாளர் எங்கள் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறவரோட சம்மதம் வாங்கியாச்சுன்னு குறி போட்டிருக்கீங்களே?" என்றார். நான் "ம்ம்"மைப் பற்றிச் சொன்னேன். "அப்ப சம்மதம் குடுத்திருக்காரே" என்றார். அப்போதுதான் வீட்டுக்காரர் வலது கையைத் தூக்கி, வலியோடு, சுவரைக் காட்டினார்.

"அம்மா, அவர் தூங்கறார்."

"தெரியுது சார்."

"தூங்கறவர் எப்படிம்மா சம்மதம் குடுப்பார்?"

"தூங்கறார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நீங்களே எழுதியிருக்கீங்களே. 'அவர் தூங்குகிறார்'னு. அதுல ஒரு பிழையும் இல்ல."

மேலாளர் நாற்காலியைத் திருப்பி உங்களை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "அப்ப பொய்யாக் குறி போட்டது நீங்கதானே?" என்றார். "ஆமாம். தப்பு என்னோடதுதான். அதுக்கு அவர் ஏன் தெருவுல நிக்கணும்?" என்றேன். "எதுக்கும்மா இவரை எடுத்தீங்க?" என்றார். சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன் அத்தான், அதனால் உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் எதையாவது சரிபார்த்துக்கொண்டேதான் இருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை, அக்கா போடும் உப்பை, ரயில் வந்த நேரத்தை. அன்றைக்கு ஒரு அரைமணி நேரம் நீங்கள் எதையும் சரிபார்க்கவில்லை. முகம் அவ்வளவு லேசாக இருந்தது. அதை வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

நான் கொண்டுபோன அசல் படத்தை அவர் வாங்கிப் பார்த்தார். "நாங்க வெட்டாம இருந்திருக்கலாம்" என்றார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, எல்லா ஊரிலும் பத்து நாளில் எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்தார். ரயில் நிலையத்துக்கு மட்டும் பெரிய ஏணி வேண்டுமாம். அது வெள்ளிக்கிழமைதான் வரும். அதனால்தான் புதன்கிழமை வலது பக்கம். "படம் எடுத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், சம்மதம் தரவில்லை" என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் கேட்டார். எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு எடுத்து வரவும்.

இனி எந்தப் போட்டிக்கும் போக மாட்டேன். யாராவது கட்டாயப்படுத்தினால்கூட, எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன், சின்ன அளவில்தான் படம் அனுப்புவேன், அசலைக் கையிலேயே வைத்துக்கொள்வேன், ஆட்களை அவர்கள் விழித்திருக்கும்போது கேட்டு எழுத்தில் வாங்குவேன். அந்தப் பூனையிடம்கூட இப்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கோபப்படுங்கள், ஆனால் வந்து கோபப்படுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. இரண்டு பேரும் பத்திரமாக வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும் உங்கள் மைத்துனி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அக்கா ஃபோன் செய்தாள். உங்கள் ஊர்ச் சந்தையிலும் அந்த விளம்பரம் ஒரு மாதமாக இருந்ததாம். நீங்கள் தினமும் நடைப்பயிற்சியை அந்த வழியாக மாற்றிக்கொண்டீர்களாம். வேலையில் இருந்தபோது உங்களைக் கண்டால் தராசை உள்ளே எடுத்து வைத்தவர்கள் இப்போது "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூல் போடுகிறார்களாம். நம்பாத ஒருவருக்கு வாயைத் திறந்தே காட்டினீர்களாம். நேற்றுக் காலை ஏணியோடு வந்த இரண்டு பேர் அதைக் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், எந்தப் பொறாமை பிடித்தவர் புகார் கொடுத்தது என்று கடை கடையாக விசாரிக்கிறீர்கள் என்றும் அக்கா சொன்னாள். இணைத்த தாளைக் கிழித்துவிடவும். படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லி இன்றே மேலாளருக்கு எழுதுகிறேன். ரயில் நிலையத்தில் தாராளமாக இடது பக்கம் பார்க்கவும். மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். புகார் கொடுத்தது யார் என்று எங்களுக்கும் தெரியவில்லை அத்தான்.