முழுப்பேர் சொன்னால் அரைக் குவளை

"ஒரு தாலருக்குச் சில்லறை இருக்கா, அண்ணே?" என்று ஃபைட் கேட்டதும், கடைக்காரர் யோவாக்கிம் பீர்க் குவளையை மேசையில் ணங்கென்று வைத்தார்.

"என்ன தாலர்? முழுப்பேரைச் சொல்லு."

"யோவாக்கிம்ஸ்தாலர்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாக்கு வறண்டுடுது."

"தால்னா வெறும் பள்ளத்தாக்குடா. உலகத்துல ஆயிரம் பள்ளத்தாக்கு இருக்கு. யோவாக்கிம்ங்கிறதுதான் அதுக்கு உசுரு!"

வெள்ளி உருக்கும் உலையில் வேலை பார்க்கும் ஃபைட் சிரித்தான். கடையே சிரித்தது.

யோவாக்கிமுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையில் வெள்ளி கிடைத்து, காடாக இருந்த பள்ளத்தாக்கு ஊராகி, அதற்குப் புனித யோவாக்கிமின் பெயரை வைத்தபோது அவர் பூரித்துப் போனார். அங்கே அடித்த வெள்ளிக்காசுக்கும் ஊரின் பெயரே; அதில் அந்தப் புனிதரின் உருவம். முதல் காசு கைக்கு வந்த அன்று மனைவி அப்பொலோனியாவிடம், "நமக்குப் பிள்ளை இல்லேன்னா என்ன? என் பேர் சொல்ல இது இருக்கு" என்றார். அவள் காசைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

தாலர் என்று சொல்பவர்களுக்கு இனி பீர் கிடையாது என்று அறிவித்தார். கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது. அங்கிருந்து வேண்டுமென்றே, "தாலர்! தாலர்!" என்று பாட்டு வேறு.

உடனே மாற்றினார். முழுப்பேர் சொன்னால் அரைக் குவளை இலவசம்.

ஊரே திரண்டது. முதல் குவளைக்கு யோவாக்கிம்ஸ்தாலர் என்று தெளிவாகச் சொன்னவர்கள், அடுத்ததற்கு யோக்கிம்ஸ்தாலர் என்றார்கள். அதற்கடுத்து கிம்ஸ்தாலர். வீட்டுக்குப் போகும்போது எல்லார் வாயிலும் தாலர்தான் மிச்சம். வண்டிக்காரர்கள் அதை அப்படியே லைப்சிக் சந்தைவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"பீப்பாயும் காலி, பேரும் காலி" என்றாள் அப்பொலோனியா.

காசு அடிக்கும் இடத்துக்கே போய், பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கெஞ்சினார்.

"காசு வாங்குறவன் எடையைப் பார்ப்பான். எழுத்தையா படிக்கப் போறான்?" என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார்.

விஷயம் பரவி, மறுநாள் முதல் அவருக்கே பட்டப்பேர் வந்துவிட்டது.

"தாலரண்ணே, இன்னொரு குவளை!"

"தாலரண்ணே, கணக்கு எவ்வளவு?"

இருந்த பேரும் போயிற்று. அன்று மாலை அடுப்பருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஒருத்தி யோவாக்கிம்னு கூப்பிடுறேனே, போதாதா?" என்றாள் மனைவி.

"போதும்தான். நீயும் நானும் போனப்புறம்?"

அவள் விறகைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இலையுதிர்காலத்தில் மாஸ்கோவிலிருந்து ஒரு கம்பளித்தோல் வியாபாரி வந்தார். உடைந்த ஜெர்மன் பேசினார். புளித்த முட்டைக்கோசும் தொத்திறைச்சியும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய வெள்ளிக்காசை நீட்டினார்.

யோவாக்கிமுக்கு இப்போது சண்டை போடத் தெம்பில்லை. "தாலரா? இருங்க, மீதி தரேன்" என்று அவரே சொன்னார்.

"தாலரா? அப்படின்னா?"

"இந்தக் காசுக்கு அதான் பேரு."

வியாபாரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க பள்ளத்தாக்கை எங்க ஊர்ல யாருக்குங்க தெரியும்? நாங்க பேரோட முன்பாதியைத்தான் எடுத்துக்கிட்டோம். இதுக்கு எங்க ஊர்ல யெஃபிமோக்னு பேரு. குட்டி யோவாக்கிம்னு அர்த்தம்."