எடப்பாடி அத்தையும் எங்கள் வீட்டுக் காற்றுக் குழாயும்

என் கல்யாணம் நடந்ததற்கும், நடக்காமல் போகப் பார்த்ததற்கும் காரணம் ஒன்றுதான். கக்கூஸ் குழாய். (கழிவறை என்று கௌரவமாக எழுதலாம்தான். ஆனால் அன்று எங்கள் வீட்டில் நடந்ததை அந்தச் சொல் தாங்காது.)

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டிப் புது வீடு கட்டிய வருடம் எனக்கு முப்பத்து மூன்று வயது. போர்வெல் ரிக் லாரியில் மேனேஜர். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பையனுக்குப் பெண் கிடைப்பது ஆயிரம் அடியில் தண்ணீர் கிடைப்பதைவிடக் கஷ்டம். ஜாதகத்தோடு வீட்டின் போட்டோவையும் தரகரிடம் கொடுக்க வேண்டும். பொருத்தம் இருந்தால் பெண் வீட்டார் வேன் பிடித்து வீடு பார்க்க வருவார்கள். மாப்பிள்ளையை ஐந்து நிமிடமும் வீட்டை ஒரு மணி நேரமும் பார்ப்பார்கள். எனக்கு அதுவரை மூன்று வேன்கள் வந்து திரும்பிப் போயிருந்தன.

வீட்டுக்குக் குழாய் வேலை செய்தவர் ப்ளம்பர் பழனியப்பன் அண்ணன். மாடி பாத்ரூமிலிருந்து நாலு இஞ்ச் குழாயை முன்பக்க வெளிச்சுவரில் இறக்கி, கீழ் பாத்ரூம், சமையலறைக் குழாய்களையும் அதில் சேர்த்து, செப்டிக் டேங்கில் விட்டிருந்தார். அதே குழாயை மேலேயும் நீட்டி, மொட்டை மாடியைத் தாண்டி ஐந்தடி உயரத்துக்கு நிறுத்தி, உச்சியில் ஒரு சின்னக் கூண்டு மாட்டியிருந்தார்.

"இது என்னத்துக்குங்கண்ணா, கொடிக்கம்பமாட்ட?" என்று அப்போதே கேட்டேன்.

"தண்ணி கீழ எறங்கோணும்னா பின்னாலயே காத்து வரோணும் தம்பி. ஊடு மூச்சு உடற எடம் அது," என்றார்.

மூன்றாவது வேனில் வந்த ஒரு பெரியவர் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஊடு நல்லாத்தான் இருக்குதுங்க. பாத்தவொடனே கக்கூஸ் பைப்புத்தான் கண்ணுல படுது," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அவர்கள் அப்புறம் பேசவேயில்லை. அவர்கள் பேசாமல் போனதற்கு என் முன்வழுக்கை, என் சம்பளம், என் முகம் என்று எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். (வழுக்கையை மாற்ற முடியாது. குழாயை மாற்றலாம் அல்லவா?)

மறுநாளே பழனியப்பன் அண்ணனை வரவழைத்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் குழாய் தெரியவே கூடாது, முன்னால் அலங்காரத் தூண் ஒன்று எழுப்பி அதற்குள் புதைத்துவிடுங்கள் என்றேன். தூணுக்குள் நாலு இஞ்ச் போகவில்லை. மூணு இஞ்ச் போடுங்கள் என்றேன். மாடிக்கு மேலே நீண்டிருந்ததைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழாக வெட்டி மூடி போட்டு அடைக்கச் சொன்னேன். செப்டிக் டேங்கின் மேல் நின்ற குட்டிக் காற்றுக் குழாயையும் விட்டு வைக்கவில்லை.

"தம்பி, இது ஆவாதுங்க," என்றார் அவர்.

"அண்ணா, ஆறரை இஞ்ச்சுல பூமியவே ஓட்டை போடறவன் நானு. எனக்கே பைப்பு பாடமுங்களா?"

அவர் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். "உங்க ஊடு, உங்க இஷ்டம். நாலு ஆளு வந்தாத் தெரியும்," என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்துகொடுத்தார்.

புதுத் தூணோடு வீடு ஜம்மென்று இருந்தது. போட்டோ எடுத்துத் தரகருக்கு அனுப்பி, பழைய போட்டோவை அழித்துவிடச் சொன்னேன். சரி என்றார். வீட்டில் நான், அப்பா, அம்மா மூன்றே பேர். மாடிக்கு யாரும் போவதில்லை. இரண்டு மாதம் ஒரு கோளாறும் இல்லை. பழனியப்பன் அண்ணனை வழியில் பார்த்தபோதெல்லாம் ஒரு சிரிப்பு வேறு சிரித்து வைத்தேன்.

நான்காவதாக எடப்பாடி இடம் வந்தது. பெண் பெயர் கௌசல்யா. தறித் துணிகளுக்கு டிசைன் போடுகிற வேலை. நாங்கள் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளும் சரி என்று சொல்லிவிட்டாளாம். இனி அவர்கள் வந்து வீடு பார்ப்பதுதான் பாக்கி. இதுவும் தட்டிப்போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். இந்தப் பெண் கிடைக்காமல் போய்விடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. பத்தொன்பது பேர். வழியில் நிறுத்தி எல்லோரும் ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு ஒரு அக்கா, மரகதம் அத்தை. அவர் தலையசைத்தால்தான் அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். தடித்த கண்ணாடி, பட்டுச் சேலை, குறைந்த பேச்சு.

பெண்கள் நேராக மாடி பாத்ரூமைப் பார்க்கப் போனார்கள். பார்த்ததோடு நிறுத்தவில்லை. மேலே முதல் தண்ணீர் இறங்கியதும் கீழே சமையலறைத் தொட்டி 'களக்' என்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கேசரியைப் பார்த்தேன். இரண்டாவது இறங்கியபோது கூடத்து வாஷ்பேசினில் பெண்ணின் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். அது அவரைப் பார்த்துக் குடுகுடுவென்று பேசியது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"என்னுங் மாப்ள, உள்ளாற யாரோ இருக்கறாப்ல இருக்குது?"

"புது ஊடுங்க மாமா. போகப் போகச் சரியாயிருமுங்க," என்றேன்.

மூன்றாவதற்குப் பிறகு வாசனை வர ஆரம்பித்தது. அப்பா ஊதுபத்திப் பாக்கெட்டை முழுதாகக் கொளுத்தினார். இப்போது வீட்டில் இரண்டு வாசனைகள். நான் படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டு, "மாடில தண்ணி வரலீங்க" என்று ஒவ்வொருவரையும் தடுத்துப் பார்த்தேன். சொல்லி வாய் மூடவில்லை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி ஜன்னல் ஓரமாக அருவி மாதிரி கொட்டியது. ஒரு சித்தப்பா என் தோளைத் தட்டி, "வந்துருச்சுங் மாப்ள," என்று மேலே போனார்.

திரும்பிப் பார்க்கிறேன், மரகதம் அத்தையைக் காணோம். கீழ் பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

மேலே சித்தப்பா தண்ணீரைத் திறந்துவிட்டதோடு ஒரு பக்கெட்டையும் சேர்த்துக் கவிழ்த்தார் போலிருக்கிறது. தூணுக்குள் அது இறங்கி வருவதை நான் காதால் கேட்டேன். மூணு இஞ்ச் குழாயை அடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் சிக்கிய காற்று எங்கே போகும்? ரிக்கில் கம்ப்ரசர் காற்றைக் குழிக்குள் அடித்தால் தண்ணீர் எழும்பி ஆகாயத்துக்குப் போவதைத் தினமும் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அந்தத் தொழிலை என் வீட்டுக் கக்கூஸ் செய்யப் போகிறது என்று அந்த நொடியில்தான் உறைத்தது.

"அத்தே! வெளிய வாங்க!" என்று கத்தினேன். (பெண் வீட்டுப் பெரியவரைப் பாத்ரூம் கதவருகே நின்று கூப்பிட்ட ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

உள்ளே 'பொளக்' என்று பெரிய சத்தம். பிறகு, "அய்யோ சாமீ!"

கதவு திறந்தது. அத்தையின் பட்டுச் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கண்ணாடியிலும் நாலைந்து துளிகள். கூடத்தில் இருந்த எல்லோரும் தட்டோடு எழுந்து நின்றார்கள். அம்மா அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

"எல்லாம் அந்த ப்ளம்பர் பண்ணுன வேலைங்க!" என்று அப்பா சத்தம் போட்டார். போன் போட்டதும் பழனியப்பன் அண்ணன் பத்து நிமிடத்தில் மொபெட்டில் வந்து சேர்ந்தார். அப்பா எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் என்னைப் பார்த்தார். 'நான்தான் சொன்னேன்.' இரண்டே வார்த்தை. என் வாயிலிருந்து வரவில்லை. நான் தரை டைல்ஸில் பூ எண்ணிக்கொண்டிருந்தேன்.

"தப்பு நடந்து போச்சுங்க," என்றார் அவர், அப்பாவிடம். ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு மேலே போய் அந்த மூடியை அறுத்தெடுத்தார். வாஷ்பேசின் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பெண் வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "சொல்லி அனுப்பறமுங்க," என்று வேன் ஏறினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மூன்று முறை தெரியும்.

பழனியப்பன் அண்ணனை கேட்டில் பிடித்தேன். "ஏனுங்கண்ணா உண்மையச் சொல்லல?"

"எனக்கென்னுங் தம்பி, ரெண்டு புள்ளையவும் கட்டிக் குடுத்துட்டேன். உங்களுக்கு இனிமேத்தான ஆவோணும்," என்று மொபெட்டை மிதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம் என்றால் என்னவென்று பாத்ரூம் கதவு திறந்தபோது தெரியவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. கௌசல்யா.

"தரகர் எங்களுக்கு ரெண்டு போட்டோ அனுப்பிச்சாருங்க. ஒண்ணுல பைப்பு நிக்குது. இன்னொண்ணுல பைப்பக் காணோம், தூணு நிக்குது. ப்ளம்பரா வந்து உங்க ஊட்டுக்குத் தூணு கட்டுனாரு?"

"இல்லீங்க. நான்தானுங்க கட்டச் சொன்னேன்."

"அப்பறம் அவர எதுக்கு நிக்க வெச்சுத் திட்டு வாங்க உட்டீங்க?"

நான் வாசலில் இறங்கி அந்தத் தூணை அண்ணாந்து பார்த்தேன்.

"எங்கத்தைகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. மத்ததை அப்பறம் பாக்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை எடப்பாடிக்குப் போனேன். அத்தை தறிப்பட்டறையில் இருந்தார். பன்னிரண்டு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "என்னுங்க?" என்றார். மறுபடி சொன்னேன். "என்னுங்க?" மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்து டீக்காகத் தறிகளை நிறுத்திவிட்டார்கள். "கக்கூஸ் பைப்பை அடைச்சது நான்தானுங்க!" என்பது பட்டறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சேலை தொவைச்சாப் போயிருமுங்க," என்றார். "அந்த ப்ளம்பருகிட்டச் சொல்லீட்டீங்களா, உங்கப்பாவ வெச்சுட்டு?"

"இன்னும் இல்லீங்க."

"மொதல்ல அங்க போய்ச் சொல்லிப்போட்டு வாங்க சாமி. பொண்ணு எங்கீம் போயிராது."

போய்ச் சொன்னேன். அப்பா பழனியப்பன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தனியாகக் கவனித்துக்கொண்டார். தூணை இடித்து, வெளிச்சுவரில் நாலு இஞ்ச் குழாய் மறுபடி ஏறியது, இந்த முறை ஏழடி உயரம். கல்யாணப் பந்தியில் பழனியப்பன் அண்ணனுக்கு அத்தையே நின்று பரிமாறினார்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. அத்தை எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, "மாப்ள, மேல காத்துப் போவுதுங்களா?" என்பார். நான் மொட்டை மாடிக்குப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு, "போவுதுங் அத்தே!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் விழும். கௌசல்யாவின் சொந்தக்காரர்கள் எல்லோருமே இப்போது இதை ஒரு முறையாகவே வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு வந்தால் நான் பதினைந்து தடவை மாடி ஏறுகிறேன்.

போன மாதம் அத்தை வந்தபோது எனக்கு முட்டிவலி. யாருக்குத் தெரியப் போகிறது என்று கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தபடியே, "போவுதுங் அத்தே!" என்றேன்.

தாழ்ப்பாள் விழவில்லை. பிறகு பாத்ரூம் வாசலிலிருந்து அத்தையின் குரல் நிதானமாக வந்தது.

"பொய் சொல்றது இன்னும் போவலீங்களா மாப்ள?"

எழுந்து மாடி ஏறினேன்.