எம்பார்கோவுக்கு மஞ்சள் தடவிய கதை

எனக்கு அச்சான கல்யாணப் பத்திரிகைகள் இரண்டு. நடந்த கல்யாணம் ஒன்றுதான். புருவத்தை உயர்த்த வேண்டாம். முதல் பத்திரிகையின் உள்ளே இருந்தது கல்யாணம் இல்லை, அமெரிக்கக் கப்பல்கள். என் வீட்டில் எல்லோரும் இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது நான் உள்ளதைவிட மடையனாகத் தெரிவதால், நானே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் திருப்பதியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். நகரியில் எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்கு மெதுவாகப் பேச வராது. முக்கியமான விஷயம் என்றால் பேசவே வராது. காலை ரயிலில் போய் கடைசி பெஞ்சில் உட்காருவேன். முன்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் ஹேமலதா. சித்தூர்ப் பெண். அவள் அப்பா அங்கே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சூப்பர்வைசர்.

சீசனில் தோத்தாபுரி மாங்காயைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு டப்பாவில் கொண்டுவருவாள். டப்பா வகுப்பு முழுக்கச் சுற்றிக் கடைசியில் என்னிடம் வரும்போது ஒரே ஒரு துண்டு இருக்கும். அது எனக்கென்றே வைத்தது என்று நம்பினேன். (கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கடைசித் துண்டு வருவதில் என்ன அதிசயம் என்று என் ரயில் சிநேகிதன் கேட்டான். அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.) இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் நேராகப் பேசியது, "நோட்ஸ் இருக்கா?", "தேங்க்ஸ்" இரண்டும்தான்.

இந்த நிலையில்தான் அமெரிக்கா குறுக்கே வந்தது. ஆயிரத்து எண்ணூற்று ஏழாம் வருஷம் இங்கிலாந்தும் பிரான்சும் கடலில் அடித்துக்கொண்டிருந்தன. நடுவில் போன அமெரிக்கக் கப்பல்களை இரண்டு பேரும் பிடித்தார்கள். சண்டைக்குப் போகவும் தெம்பில்லை, சும்மா இருக்கவும் மானமில்லை. அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது: இனி நம் கப்பல் எதுவும் வெளிநாட்டுக்குக் கிளம்பக் கூடாது, நம் சரக்கு இல்லாமல் அவர்கள் தவிக்கட்டும். இதுதான் எம்பார்கோ. எதிராளியைப் பட்டினி போடுவதற்காக நம் வீட்டு அடுப்பை அணைக்கிற யோசனை. சட்டசபையில் காரசாரமான விவாதம். வெளியே ஆதரித்தும் எதிர்த்தும் துண்டுப் பிரசுரங்கள், பாதிக்குமேல் புனைபெயரில்.

எங்கள் பேராசிரியர் உற்சாகப் பேர்வழி. "நம்மளும் சபை நடத்தலாம். ரெண்டு கட்சி. பிரசுரமும் அச்சடிக்கணும், அப்பதான் அந்தக் காலம் புரியும்" என்றார். எம்பார்கோவை எதிர்க்கும் கட்சிக்கு ஹேமலதா தலைவி. ஆதரிக்கும் கட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. என் கை தானாக மேலே போனது.

இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரே மடிப்பு அட்டை போடுவது என்று முடிவானது. உள்ளே இடப்பக்கம் என் வாதம், வலப்பக்கம் அவள் வாதம், முகப்பில் இரண்டு பேர் பெயரும். அச்சடிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். திருப்பதியில் தடுக்கி விழுந்தால் அச்சகம். ஆனாலும் சித்தூருக்கு பஸ் ஏறினேன். அவள் ஊர்க் காற்றைச் சுவாசிப்பதற்காக. (அந்தக் காற்றில் முழுக்க மாம்பழத் தோல் அழுகும் வாசனை. அதையும் இழுத்து இழுத்துச் சுவாசித்தேன்.)

அச்சகக்காரர் பெரியவர். என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம் நைனா, எம்பார்கோன்னா இன்னா? ஃபங்ஷனா?"

"ஆமாண்ணா, ஃபங்ஷன்தான்."

"ஹேமலதான்னா, நம்ம கூழ் ஃபேக்டரி சூப்பர்வைசர் பொண்ணா?"

"ஆமாண்ணா."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் புரூஃப் காட்டினார். மேலே வேங்கடேசுவர சுவாமி. கீழே இடப்பக்கம் குமரேசன், வலப்பக்கம் ஹேமலதா, நடுவில் மாவிலையும் தேங்காயும் வைத்த கலசம். அதற்கும் கீழே, "சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டுகிறோம்." அவர் ஆயுசில் அச்சடித்த மடிப்பு அட்டை எல்லாம் கல்யாணத்துக்கு. என் அட்டைக்கு மட்டும் புது அச்சா தேடுவார்?

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மாற்றியிருப்பார். ஆனால் அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது பிரிக்க மனசு வரவில்லை. எத்தனை நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதி அடித்த பெயர்கள். "சரியா கீதா?" என்று கேட்டார். "சரியா இருக்குண்ணா" என்றேன்.

மறுநாள் கட்டு தயாராக இருந்தது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. மஞ்சள் இல்லாமல் அவர் கடையிலிருந்து அட்டை வெளியே போனதே இல்லையாம். எனக்குத் தெரியாத இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. முதல் அட்டையைச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார். இரண்டாவது அட்டையை, பெண் வீடு தெரிந்த வீடாக இருந்தால், வெற்றிலை பாக்கோடு தாமே கொண்டுபோய்க் கொடுப்பார்.

சபை நாளான வெள்ளிக்கிழமை காலை கல்லூரி வாசலில் ஒரு சுமோ வந்து நின்றது. அதிலிருந்து ஹேமலதாவின் அப்பா, அம்மா, அவர்களுக்குப் பின்னால் ஆறேழு உறவினர்கள். சீசன் உச்சத்தில் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நிற்க, அவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பேராசிரியர் பூரித்துப்போனார். நம் நிகழ்ச்சிக்கு சித்தூரிலிருந்து பொதுமக்கள்! முன்வரிசையைக் காலி செய்யச் சொன்னார்.

அவள் அப்பா வராந்தாவில் என்னை நிறுத்தினார். சட்டையில் மாம்பழ வாசனை. கையில் அட்டை. பக்கத்தில் ஹேமலதா, முகம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீதான் குமரேசனா?"

"ஆமா சார்."

"உள்ள இன்னான்னமோ கப்பல், இங்கிலாந்துன்னு போட்டுகீது. வெளிய எம் பொண்ணு பேரு, உம் பேரு, மஞ்சா. அதுவும் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு. ராகுகாலத்துல எவனாவது ஃபங்ஷன் வைப்பானா?"

"நைனா, அது காலேஜ் புரோகிராம்னு நேத்தே சொன்னேன்ல" என்றாள் ஹேமலதா.

"நீ சும்மா இரு. நான் தம்பிய கேக்கறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் தேவலை. "இதோ பாருப்பா, நான் சண்டைக்கு வர்ல. மனசுல ஏதாவது கீதுன்னா சொல்லு. பெரியவங்க உக்காந்து பேசலாம். இல்லன்னா ஏன் இப்படி அடிச்சிக் குடுத்த?"

பின்னாலிருந்து அவள் அம்மா, "பையன் லட்சணமாத்தான் கீறான்" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே.

ஹேமலதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த பார்வை. கதவைத் திறந்து வைத்து, பாய் போட்டு, வா என்கிறார்கள். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன். "பிரஸ்காரர் பண்ண தப்பு. நான் கவனிக்கல."

பாவம், அந்தப் பெரியவர். அவர் தலையில் என் கோழைத்தனத்தை ஏற்றினேன். ஹேமலதா திரும்பி அரங்குக்குள் போய்விட்டாள்.

பிறகு சபை கூடியது. நான் எழுந்து எம்பார்கோவை ஆதரித்தேன். நம் கப்பலை நாம் நிறுத்தினால் இங்கிலாந்து நம் காலில் வந்து விழும் என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவதுபோலக் கத்தினேன். பாதியில் முன்வரிசையிலிருந்து ஹேமலதாவின் அப்பா எழுந்தார்.

"தம்பி, ஒரு டவுட். ஃபேக்டரிக்காரன் ரேட்டு கொறைச்சிட்டான்னு கோவிச்சிக்கினு, பழத்த தோப்புலயே வெச்சிக்கினா, அழுவுறது யார் பழம்?"

அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியரே கைதட்டினார். அடுத்து ஹேமலதா எழுந்தாள். கையில் குறிப்புக் காகிதம் வைத்திருந்தாள், அதைப் பார்க்கவே இல்லை.

"அவங்க வீரத்துல கப்பல நிறுத்தல, பயத்துல நிறுத்தினாங்க" என்றாள். "வெளிய போனா என்ன ஆகுமோன்னு பயம். அதுக்குக் கொள்கைன்னு பேர் வெச்சாங்க. கடைசில கரையிலயே மக்கிப்போனது அவங்க கப்பல்தான்."

வாக்கெடுப்பில் என் தீர்மானத்துக்கு ஒரே ஒரு ஓட்டு. அது என்னுடையதும் இல்லை. நான் கை தூக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தோடு விட்டேனா? தோற்ற கோபத்தில் நான் ஹேமலதாமேல் சொந்தமாக ஒரு எம்பார்கோ விதித்தேன். பேச்சு இல்லை, நோட்ஸ் இல்லை, டப்பா வந்தால் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். தவிக்கட்டும் என்று நினைத்தேன். தவித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவே ஒன்றேகால் வருஷத்தில் புத்தி வந்து தடையை நீக்கியது. நான் அவள் கல்யாணப் பத்திரிகை வரும்வரை நீக்கவில்லை. அதே அச்சகம், அதே கலசம், அதே மஞ்சள். குமரேசன் இருந்த இடத்தில் வேறொரு பெயர்.

சித்தூர் மண்டபத்துக்குப் போனேன். மேடையில் பரிசைக் கொடுத்துவிட்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "மாங்கா டப்பாவ மறக்க முடியாது. கடைசித் துண்டு எப்பவும் எனக்குத்தான்" என்று சிரித்தேன்.

அவளும் சிரித்தாள். "முப்பது பேர் துன்ற டப்பால ஒரு துண்டு தானா மிஞ்சும்னு நெனச்சிக்கினியா? ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் அனுப்புவேன்."

போட்டோக்காரர் என்னைக் கேமராவைப் பார்க்கச் சொன்னார். அந்தப் படத்தில் நான் அழுவதுபோல இருக்கிறேன். உண்மையில் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது புத்தூரில் ஒரு காலேஜில் வரலாறு நடத்துகிறேன். என் மனைவி சுமதி, கல்யாணமான புதிதில் பீரோவை ஒழிக்கும்போது அந்த அட்டையைக் கண்டுபிடித்தாள். முழுக் கதையையும் சொன்னேன். அவள் கிழித்துப் போடுவாள் என்று பார்த்தால், எங்கள் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து ஒரே கவரில் வைத்துவிட்டாள். விருந்தாளிகள் வந்தால் இரண்டையும் எடுத்துக் காட்டுவாள். "இவருக்கு ரெண்டு பத்திரிகை. ஒண்ணு எங்கூட, இன்னொண்ணு அமெரிக்காகூட." நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் சமையலறையிலிருந்து, "கப்பல் கிளம்பலியா?" என்று குரல் வரும். எழுந்து போய்ச் சாப்பிட்டுவிடுவேன். அவளிடம் மட்டும் எம்பார்கோ போட்டதில்லை. ஒருமுறை பட்ட அடி போதும்.

போன ஜூனில் இருவரும் பஸ்ஸில் வேலூர் போனோம். சித்தூரைத் தாண்டும்போது சாலையோரம் தோத்தாபுரி லாரிகள் வரிசை. நான் என்னையறியாமல் ஜன்னலோரம் சாய்ந்து மூச்சை இழுத்திருக்கிறேன்.

சுமதி என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள். பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மாங்காய்த் துண்டு, உப்பு, மிளகாய்த்தூள்.

"ரெண்டாவது பத்திரிகைக்காரி பக்கத்துல கீறேன். இந்தப் பக்கம் திரும்பித் துன்னுங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. கடைசித் துண்டு எனக்கு."