சட்டைக்குள்ள ஒரு கை

நேத்து ஒரு சின்ன வேலை. உத்தமபாளையத்துல இருந்து தேனிக்குப் போய், தோள்பட்டையில போட்ட தையலப் பிரிச்சுட்டு வரணும். அவ்வளவுதான்.

என் வலது தோள்மூட்டுக்குத் தனிக்குணம். கடை ஷட்டர ஏத்துனா கழண்டுக்கும். சோம்பல் முறிச்சா கழண்டுக்கும். போன மாசம் ஒரு தும்மல் போட்டேன், அதுக்கும் கழண்டுச்சு! கடைசில டாக்டர் உள்ள கிழிஞ்சிருந்த சவ்வ இழுத்து எலும்போட சேத்துத் தச்சு விட்டாரு.

"கை உடம்போட ஒட்டியே இருக்கணும். யாராச்சும் பிடிச்சு இழுத்தா, மறுபடி ஆபரேஷன்தான்"னு சொன்னாரு. ரத்த ஓட்டத்துக்கு அப்பப்ப அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தும் குடுத்தாரு.

காலையில சட்டை போட்டா, கட்டுப் போட்ட கை உள்ள நுழைவேனாங்குது. என் வீட்டுக்காரி பந்தப் பிடிச்ச கைய அப்பிடியே வயித்தோட விட்டுட்டு, அதுக்கு மேலயே சட்டையப் போட்டு பட்டன மாட்டிட்டா. வலது பக்கச் சட்டைக்கை காலியாத் தொங்குச்சு.

பஸ்ஸுல செம கூட்டம். என்னயப் பாத்ததும் ஜன்னலோரம் இருந்த மீசைக்காரர் சட்டுனு எந்திரிச்சாரு.

"ஒக்காருங்க தம்பி. எப்பிடி ஆச்சு?"

"ஷட்டர ஏத்துறப்பண்ணே..."

"அட பாவமே! ஷட்டரு கையவே வாங்கிருச்சா!"

அப்பத்தான் புரிஞ்சது, எனக்குக் கையே இல்லன்னு நெனச்சுட்டாக. உடனே சொல்லியிருக்கணும். ஆனா ஜன்னல் சீட்டு, நல்ல காத்து. சின்னமனூர் வரட்டும், சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

எதிர் சீட்டு அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டே கூடையில இருந்து திராட்சை குடுத்தாக. மீசைக்காரர் தண்ணி பாட்டிலத் தொறந்து என் வாயில ஊத்த வந்தாரு.

"இடது கை இருக்குண்ணே!"

"அதையாச்சும் பத்தரமாப் பாத்துக்கங்க தம்பி."

திராட்சை முடிஞ்சதும் பந்து ஞாபகம் வந்துச்சு. சட்டைக்குள்ளயே அமுக்குனேன். அக்கா என் வயித்தையே பாத்தாக. நானும் சிரிச்சுக்கிட்டே இன்னொருக்கா அமுக்குனேன்.

"ஆத்தாடி! தம்பி சட்டைக்குள்ள பாம்பு!"

மொத்த பஸ்ஸும் எந்திரிச்சுருச்சு. "ஏலே, வண்டிய நிப்பாட்டச் சொல்லு!" டிரைவர் பிரேக்க மிதிச்சாரு. பதட்டத்துல நான் இன்னும் வேகமா அமுக்குனேன்.

"நெளியுது! நெளியுது!"

"பாம்பு இல்ல, என் கை!"ன்னு கத்துனேன்.

"பயத்துல ஒளறுறாப்ல, பாவம்" அப்பிடின்னாரு மீசைக்காரர். "தள்ளுங்க, நான் பிடிச்சு இழுக்குறேன்!"

துண்டக் கையில சுத்திக்கிட்டு என் சட்டைக்குள்ள கைய விட வர்றாரு. எனக்கு உயிரே போச்சு. இவரு இழுத்தா டாக்டர் தச்சதெல்லாம் வீண்! இடது கையால சட்டையப் பிடிச்சு ஒரே கிழி. பட்டனெல்லாம் தெறிச்சுச்சு.

உள்ள கை. கையில மஞ்சக் கலர் பந்து.

பாம்பு இல்லைன்னு ஒரு ஆளு கூட சந்தோசப்படல.

"முழுசா இருக்கு"ன்னாரு மீசைக்காரர், ஏமாந்த மாதிரி.

"திராட்சையத் தின்னுபுட்டு கமுக்கமா இருந்திருக்கான் பாருங்க!"ன்னு அக்கா பொங்குனாக.

கண்டக்டர்தான் தீர்ப்பு சொன்னாரு. "கை இருக்குல்ல? எந்திரிங்க சார்."

நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டு தேனி வரைக்கும் நின்னே போனேன். டாக்டர் தையலப் பிரிச்சுட்டு, "தோளு அருமையா இருக்கு, நல்லா பத்தரமா வச்சிருக்கீங்க"ன்னு பாராட்டுனாரு.

திரும்பி வர்றப்ப சட்டையில பட்டனே இல்ல, கட்டு ஊருக்கே தெரிஞ்சுச்சு. ஒரு பய எந்திரிக்கல.