பற்றிக்கின் ரையும் சம்பூர்த் திமிங்கலமும்

இனிமேல் வீட்டில் தொழில் விசயமாக வாயே திறப்பதில்லை என்று பற்றிக் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினார். அதில் ஒரேயொரு சிக்கல். அதற்கு முன்னும் அவர் திறந்ததில்லை.

பற்றிக் திருகோணமலைக்கான ரெலிவிசன் செய்தியாளர். நாட்டுக்கே ரெலிவிசன் வந்த புதிது. அவர் இரவு மெயில் ரயிலில் கொழும்புக்கு அனுப்புகிற செய்தி, திரையில் வருமுன்னே பேப்பரில் வந்துவிடும். எழுதுகிறவன் லெஸ்லி, பக்கத்து வீட்டுத் திரேசம்மாவின் தம்பி. பற்றிக் எங்கே போனாலும் லெஸ்லி முன்கூட்டியே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஆர் சொல்லுகிறார்கள்? அதுதான் மர்மம். இன்னொரு பழஞ்செய்தி வந்தால் வேலை இல்லை என்று கொழும்பு மேலதிகாரி சிவகுருநாதன் சொல்லியும்விட்டார்.

பற்றிக்குக்குப் பயம் பிடித்துக்கொண்டது. துப்பறிய இறங்கினார். தபால்காரனைச் சந்தேகித்தார். கமராக்கார யோகலிங்கத்தைச் சந்தேகித்தார். திரேசம்மாவின் சேவலைக்கூட ஒரு மாதிரிப் பார்த்தார். சேவலைப் பார்க்க வேலியடிக்குப் போனபோதுதான் மனைவி சீலா திரேசம்மாவோடு கதைக்கிற குரல் காதில் விழுந்தது.

"பழைய சப்பாத்தைக் கேட்டவர், அக்கா. கந்தளாய் வயலுக்கை வெள்ளமாக்கும்."

"போன கிழமை?"

"வெள்ளைச் சேட். அது பிஷப் வந்ததுக்கு."

பற்றிக் கோபப்படவில்லை. மூளை உள்ள மனுசனுக்குக் கோபம் எதற்கு? காத்திருந்தார்.

ஒருநாள் விடியற்காலை லோஞ்சுப் படகு ஓட்டுகிற றஊப் வந்து படலையடியில் குசுகுசுத்தான். "சம்பூர்க் கரையிலை ஒரு திமிங்கலம் ஒதுங்கிக் கிடக்கு, சேர். உயிரோடை. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது."

பற்றிக் நேரே குசினிக்குப் போனார்.

"சீலா, என்ரை ரை எங்கை?"

"ஏன், மந்திரி ஆரும் வாறாரோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"நீங்கள் எங்கை சொல்லுறனீங்கள். புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

"பசியில்லை."

கழுத்தில் ரையோடு படலையைத் தாண்டும்போது வேலியடியில் குரல் கேட்டது. "மந்திரி றெஸ்ற்கவுசுக்கு வாறாராம், அக்கா." பற்றிக்குக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யோகலிங்கத்தின் வீடுவரை சிரித்துக்கொண்டே போனார். அவனையும் கமராவையும் கூட்டிக்கொண்டு ஜெற்றிக்கு வந்தால், லோஞ்சின் நடுப் பலகையில் சீலா இருக்கிறா. கையில் தேசிக்காய்.

"நீர் எப்பிடி?"

"மந்திரி வாற நாளிலை ரெண்டு நீத்துப்பெட்டிப் புட்டு விழுங்கிற ஆள் நீங்கள். கடலிலை போற நாளிலைதான் பச்சைத்தண்ணியும் இறங்காது. இந்தாங்கோ, இதை மணந்துகொண்டு வாங்கோ, வயித்தைப் பிரட்டாது."

"அப்ப லெஸ்லி?"

"றெஸ்ற்கவுஸ் வாசலிலை நிக்கிறான், பாவம். நான்தானே அனுப்பினனான். ராத்திரி நித்திரையிலை சிவகுருநாதன் சேரிட்டைக் கெஞ்சினனீங்கள். விசயம் வேலை போற அளவுக்கு வந்திட்டுதெண்டு எனக்கு அப்பதான் தெரியும்."

தேசிக்காய் வேலை செய்யவில்லை. பாதிக் கடலில் பற்றிக் ரை நனைய லோஞ்சின் ஓரத்தில் தொங்கினார். சம்பூரில் அவரைத் தூக்கி மணலில் கிடத்தினார்கள். கரையில் கிடந்த இரண்டு பேரில் திமிங்கலம்தான் கொஞ்சம் உசாராக இருந்தது.

ஊராக்கள் கயிறு கட்டி அதைக் கடலுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். "போகப்போகுது, ஆரெண்டாலும் கதையுங்கோ" என்று யோகலிங்கம் தவித்தான். சீலா முந்தானையை இழுத்துச் செருகி மைக்கை வாங்கினா. வேலிக்கு மேலால் திரேசம்மாவுக்குச் சொல்லுகிற மாதிரியே நாட்டுக்கும் சொன்னா.

செய்தி வந்த மறுநாள் கொழும்பிலிருந்து சிவகுருநாதனின் போன்.

"ஒரு பேப்பரிலும் இல்லை, பற்றிக். இனி உம்மடை வேலைக்குப் பயமில்லை."

"நன்றி, சேர்."

"அடுத்த முறையும் அவவே கதைக்கட்டும். நீர் பக்கத்திலை நிண்டு குடையைப் பிடியும்."

இதை மட்டும் வீட்டில் சொல்வதேயில்லை என்று பற்றிக் மாதா படத்துக்கு முன்னால் மறுபடியும் சத்தியம் பண்ணினார். அடுத்த கிழமை வேலியடியில் குரல் கேட்டது.

"வாயே திறக்கிறாரில்லை, அக்கா. ஆனால் என்ரை சீலையை அவரே அயன்பெட்டியாலை மினுக்கிறார்."